கையை விட்டுக் காட்டிய விமானி: 'ஆட்டோ பைலட்' தந்த லாரன்ஸ் ஸ்பெர்ரியின் கதை

பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது தினசரி காட்சி. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு இருப்பீர்கள். தலைக்கு மேலே சக்கரங்களை இறக்கிக்கொண்டு ஒரு விமானம் வரும். ஜன்னல்களை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தாழ்வாகப் போகும். போனில் பேசிக்கொண்டிருந்தால், சத்தம் அடங்கும்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பீர்கள்.

அந்த நேரத்தில் அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பது யார்? விமானியா, கம்ப்யூட்டரா?

இப்போதெல்லாம் எல்லாமே ஆட்டோ பைலட்தான், விமானி சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் 2024 நவம்பர் 30-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிய நாள். மீனம்பாக்கத்தில் தரையிறங்க வந்த ஒரு விமானம் காற்றில் இப்படியும் அப்படியும் ஆடி, ஓடுபாதையைத் தொடப் போகும் நேரத்தில் மறுபடி மேலே கிளம்பிப் போனது. அந்த வீடியோவை அன்றைக்குப் பார்க்காதவர்கள் குறைவு.

இறங்குவதா, திரும்ப ஏறுவதா என்ற அந்த முடிவை எந்தக் கருவியும் எடுத்துத் தரவில்லை. ஒரு மனிதர் எடுத்தார்.

அப்படியானால் ஆட்டோ பைலட் எதற்கு? அது எந்த இடம் வரை ஓட்டும்? எப்போது விமானி கையில் எடுப்பார்? இதைப் புரிந்துகொள்ள, 31 வயதைக்கூடத் தொடாமல் இறந்துபோன ஒரு இளைஞரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் லாரன்ஸ் ஸ்பெர்ரி.

யார் இந்த லாரன்ஸ் ஸ்பெர்ரி?

1892 டிசம்பர் 21-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தவர் லாரன்ஸ். அப்பா எல்மர் ஸ்பெர்ரி அப்போதே பெயர் பெற்ற கண்டுபிடிப்பாளர். ஜைரோஸ்கோப் எனும் சுழல் சக்கரத்தை வைத்து, கப்பல்களுக்கான திசைகாட்டியையும், அலையில் கப்பல் அதிகம் ஆடாமல் இருக்க ஒரு கருவியையும் உருவாக்கியவர். 1910-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

பையனுக்கோ கப்பல் பிடிக்கவில்லை. ஆகாயம்தான் பிடித்தது. பதின்ம வயதிலேயே வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து ஒரு விமானத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார். கட்டி முடித்த பாகங்களை வெளியே எடுக்க வழி இல்லை. கடைசியில் வீட்டு ஜன்னலையே பெயர்த்து எடுத்து வெளியே கொண்டுவந்தார். அப்பா, அம்மா ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் செய்த வேலை இது!

1913-ல், விமானத் தொழிலின் முன்னோடி கிளென் கர்ட்டிஸ் நடத்திய பள்ளியில் பறக்கக் கற்று, 20 வயதில் விமானி உரிமம் வாங்கினார்.

அந்தக் காலத்தில் விமானம் ஓட்டுவது எப்படி இருந்தது?

இந்த இடத்தில் நம்ம ஊரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம். லாரன்ஸ் வீட்டில் விமானம் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1910-ல், மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் தானே வடிவமைத்த ஒரு விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். அதைக் கட்டித் தந்தது சிம்சன் நிறுவனம். இன்று ஜிஎஸ்டி சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அதே பல்லாவரம்தான்.

அந்தக் காலத்து விமானம் என்றால் மரச்சட்டம், துணி, கம்பி, ஒரு சின்ன எஞ்சின். லேசாகக் காற்று அடித்தாலே ஒரு பக்கம் சாயும். மூக்குப் பகுதி திடீரென்று தூக்கும், இல்லையென்றால் கவிழும். விமானி ஒரு நொடிகூடக் கையை எடுக்க முடியாது. வரைபடத்தைப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. அரை மணி நேரம் பறந்துவிட்டு இறங்கினாலே கையும் தோளும் விட்டுப்போகும். எத்தனையோ விமானிகள் இப்படிப் பறக்கும்போதே செத்துப்போனார்கள்.

கப்பலை நிலையாக வைத்திருக்கும் சுழல் சக்கரம் விமானத்தையும் நிலையாக வைத்திருக்காதா? இந்தக் கேள்வியைத்தான் அப்பாவும் மகனும் கையில் எடுத்தார்கள்.

பம்பரம்தான் பதில்

ஜைரோஸ்கோப் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதில் நாம் விட்ட பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிறுத்தினால் விழுந்துவிடும். வேகமாகச் சுற்றும்போது நேராக நிற்கும். லேசாகத் தட்டினாலும் விழாது. அதையே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கையைக் கொஞ்சம் சாய்த்தால், கைதான் சாயும், பம்பரம் நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும்.

இந்தக் குணம்தான் அடிப்படை. விமானத்துக்குள் சில சக்கரங்களை மிக வேகமாகச் சுற்றவிட வேண்டும். விமானம் சாயும்போது சக்கரம் சாயாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் வரும் இல்லையா? அந்த வித்தியாசத்தை அளந்து, அதற்கேற்ப இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளைத் தானாகத் திருப்பிவிட்டால், விமானம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கேட்க எளிது. செய்வது கஷ்டம். கப்பலில் இடத்துக்கும் எடைக்கும் பஞ்சம் இல்லை. விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். லாரன்ஸ் அதைச் சுமார் 18 கிலோ எடையில், மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டி அளவுக்குச் சுருக்கினார். அப்போது அவருக்கு வயது 21.

1914 ஜூன் 18: பாரிஸில் நடந்தது என்ன?

பிரான்ஸ் நாட்டில் பாதுகாப்பான விமானம் எது என்று கண்டுபிடிக்க ஒரு போட்டி நடந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில், பெசோன் என்ற இடத்தில், சேன் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியிருந்தது. நீரில் இறங்கக்கூடிய ஒரு கர்ட்டிஸ் விமானத்தில் லாரன்ஸ் வந்தார். கூடவே எமில் கஷான் என்ற மெக்கானிக்.

முதல் சுற்று. கூட்டத்தின் முன்னால் பறந்து வரும்போது லாரன்ஸ் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விமானம் நேராகப் போனது.

இரண்டாவது சுற்று. கஷான் எழுந்து வலது இறக்கையின் மேல் ஏறி நடந்தார். ஒரு ஆளின் எடை ஒரு பக்கம் ஏறினால் விமானம் சாய வேண்டும். சாயத் தொடங்கியது. கருவி உடனே அதை நிமிர்த்தியது. லாரன்ஸின் கைகள் அப்போதும் மேலேதான் இருந்தன.

மூன்றாவது சுற்று. ஒரு இறக்கையில் கஷான், இன்னொரு இறக்கையில் லாரன்ஸ். நடுவில் விமானியின் இருக்கை காலி! கரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்து இருவரும் கையசைத்துக்கொண்டே போனார்கள்.

முதல் பரிசு 50,000 ஃபிராங்க் அவருக்குத்தான் கிடைத்தது. ஒரே நாளில் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டார். அந்த ஆண்டுக்கான அமெரிக்காவின் காலியர் விருதும் இந்தக் கண்டுபிடிப்புக்காக அப்பா எல்மருக்குக் கிடைத்தது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் கருவிக்கு விமானத்தை மட்டமாக வைத்துக்கொள்ள மட்டும்தான் தெரியும். ஆறு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எதிரே என்ன வருகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. விமானத்தை நீரில் இறக்க வேண்டும் என்றால், இறக்கை மேல் நின்ற லாரன்ஸ் திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாக வேண்டும். ஆட்டோ பைலட் பிறந்த அன்றைக்கே, அதைக் கையில் வாங்கிக்கொள்ளும் வேலையும் பிறந்துவிட்டது.

யார் கையில் விமானம்? 1916 விபத்து

பாரிஸ் வெற்றிக்குச் சரியாக 10 நாள் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் உலகப் போர் வந்தது. எல்லா நாடுகளும் விமானங்கள் பக்கம் திரும்பின.

1916 நவம்பரில் லாரன்ஸ் ஒரு பெண்ணுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் கரையோரம், ஆட்டோ பைலட் போட்ட நிலையில் பறந்த அந்த விமானம் திடீரென்று தண்ணீரில் விழுந்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பயணத்தைச் சுற்றி இன்றுவரை கிசுகிசு நிறைய உண்டு. அதை விடுவோம். விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவதுதான் நமக்கு முக்கியம். கருவியில் தெரியாமல் இடிபட்டு அது அணைந்துவிட்டது, அது அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை என்கிறார்கள்.

கருவி ஓட்டுகிறது என்று மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கருவியோ விட்டுவிட்டது. ஆட்டோ பைலட்டின் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2013 ஜூலை 6-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் தரையிறங்க வந்த ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 விமானம், ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் வால் இடித்து நொறுங்கியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். வேகத்தை ஆட்டோ த்ராட்டில் கவனித்துக்கொள்ளும் என்று விமானிகள் நம்பியிருந்தார்கள். ஆனால் அது அந்த நிலையில் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு இருக்கவில்லை. வேகம் குறைந்துகொண்டே போனது. கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது.

இன்றைய விமானங்களில் ஆட்டோ பைலட் அணைந்தால் காக்பிட்டில் பலமாக எச்சரிக்கை ஒலி கேட்கும், எழுத்தும் விளக்கும் காட்டும். விமானி வேண்டுமென்றே அணைத்தாலும் ஒலி வரும். இப்போது ஓட்டுவது தானா, பக்கத்து இருக்கை விமானியா என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று.

போர், காதல், நாடாளுமன்ற வாசலில் ஒரு லேண்டிங்

லாரன்ஸ் ஓயவில்லை. போர்க்காலத்தில் அப்பாவோடும் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்பவரோடும் சேர்ந்து ஆளில்லாமல் பறக்கும் விமான வெடிகுண்டு ஒன்றை உருவாக்கினார். 1918 மார்ச் 6-ம் தேதி அது லாங் ஐலண்டில் ஆள் இல்லாமல் சுமார் 900 மீட்டர் பறந்தது. இன்றைய ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் அதுதான் முன்னோடி. பல சோதனைகள் தோல்வியில் முடிந்தன, போரில் அது பயன்படவும் இல்லை.

மேகத்துக்குள் மாட்டினால் விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் தெரியாது. அதைக் காட்டும் ஒரு கருவியை உருவாக்கியதிலும் ஸ்பெர்ரிகளின் பங்கு பெரியது. அந்தக் கருவியின் வாரிசுதான் இன்றும் விமானங்களின் முன்பலகையில் இருக்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களைத் தயார் செய்யும் இடம் அது. வெளியே எதுவும் தெரியாதபோது உடம்பின் உணர்வை நம்பாதே, கருவியை நம்பு என்பது எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தரும் பாடம்.

1918-ல் லாரன்ஸ் மௌனப்பட நடிகை வினிஃப்ரெட் ஆலனைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள். பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கி, மெசஞ்சர் என்ற குட்டி விமானத்தைத் தயாரித்தார். இறக்கையின் மொத்த நீளமே 6 மீட்டர்தான். தெருவிலேயே இறக்கிவிடலாம் போல இருக்கும். 1922-ல் அதை வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் இறக்கினார். இன்றைக்குச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை!

மூடுபனியில் முடிந்த வாழ்க்கை

1923 டிசம்பர் 13. மெசஞ்சர் விமானத்தை விற்பதற்காக ஐரோப்பா வந்திருந்த லாரன்ஸ், இங்கிலாந்திலிருந்து கால்வாயைக் கடந்து போகத் தனியாகக் கிளம்பினார். மூடுபனி. அவர் போய்ச் சேரவில்லை.

இங்கிலீஷ் கால்வாயில் விமானம் கிடைத்தது. அவர் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, 1924 ஜனவரி 11-ம் தேதி, உடல் கிடைத்தது. 31-வது பிறந்தநாளுக்கு 8 நாட்கள் இருக்கும்போது இறந்திருக்கிறார். மகன் இறந்த பிறகு அப்பா எல்மர் இன்னும் 6 ஆண்டுகள் வாழ்ந்து 1930-ல் காலமானார்.

அவர்கள் விதைத்தது நிற்கவில்லை. 1933 ஜூலையில், ஒரு கண் மட்டுமே பார்வை உள்ள அமெரிக்க விமானி வைலி போஸ்ட் தனியாளாக உலகத்தைச் சுற்றிவந்தார். 7 நாள், 18 மணி, 49 நிமிடம். துணைக்கு வேறு விமானி இல்லை. இருந்தது ஒரு ஸ்பெர்ரி ஆட்டோ பைலட். 1947-ல் ஒரு அமெரிக்க ராணுவ விமானம் கிளம்புவது, பறப்பது, இறங்குவது என மூன்றையும் தானியங்கி முறையில் செய்து அட்லாண்டிக்கைக் கடந்தது.

பிறகு 1965 ஜூன் 10. பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு வந்த ஒரு டிரைடென்ட் விமானம், ஹீத்ரோ ஓடுபாதையைத் தானியங்கி முறையில் தொட்டது. பயணிகள் சேவையில் அதுதான் முதல்முறை. லாரன்ஸ் பனியில் காணாமல்போன அதே கால்வாயைத் தாண்டி வந்த விமானம் அது. லண்டனின் மூடுபனியில் இறங்க வழி தேடித்தான் அந்தத் தொழில்நுட்பமே உருவானது.

சரி, இன்று எப்போது விமானி கையில் எடுக்கிறார்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

ஓடுபாதையிலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் வானத்தை நோக்கி அனுப்பப்படும். ஒன்று, விமானம் ஓடுபாதைக்கு நேராக வருகிறதா என்று காட்டும். இன்னொன்று, சரியான சரிவில் இறங்குகிறதா என்று காட்டும். இந்தச் சரிவு பொதுவாக 3 டிகிரி. அதாவது ஓடுபாதைக்கு 6 கிலோமீட்டர் முன்னால் சுமார் 1,000 அடி உயரம், 3 கிலோமீட்டர் முன்னால் 500 அடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம். ஆட்டோ பைலட் இந்தக் கற்றைகளைப் பிடித்துக்கொண்டு அழகாக இறங்கி வரும்.

வானிலை நன்றாக இருந்து, ஓடுபாதை தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் 1,000 அடிக்கும் சில நூறு அடிக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் விமானி பட்டனை அழுத்தி ஆட்டோ பைலட்டை விடுவித்துவிட்டுக் கையில் எடுத்துக்கொள்வார். இதற்கு ஒரே ஒரு உயரம் என்று கிடையாது. விமானத்தின் வகை, நிறுவனத்தின் விதி, அன்றைய வானிலை, விமானியின் முடிவு எல்லாவற்றையும் பொறுத்தது. 500 அடியிலிருந்து தரையைத் தொட சுமார் 45 விநாடி ஆகும்.

சாதாரண வகை வழிகாட்டும் கருவி உள்ள ஓடுபாதையில், பொதுவாக 200 அடி உயரத்துக்கு வரும்போதாவது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா? யோசிக்கவே கூடாது. மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். இதைத்தான் கோ-அரவுண்ட் என்கிறார்கள். இது தோல்வி கிடையாது. பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகும் பாதுகாப்பு நடவடிக்கை.

அப்போ முழு தானியங்கி லேண்டிங் எப்போது? டெல்லியில் குளிர்காலத்தில் வருமே, அந்த மாதிரி கடும் பனியில். அதற்கு விமானத்தில் தனிக் கருவி வேண்டும், விமான நிலையத்தில் உயர்தர வழிகாட்டும் வசதி வேண்டும், விமானிகளுக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நடக்காது. நம்ம ஊரிலும் போகி அன்று காலை புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாகும் செய்தியைப் படித்திருப்பீர்கள். பார்வைத் தூரம் குறைந்தால் வரும் பிரச்சினைதான் அது.

நம்மில் பலர் தப்பாக நினைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. புயல் காற்று என்றால் ஆட்டோ பைலட்தான் பாதுகாப்பாக இறக்கும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. பக்கவாட்டுக் காற்றில் தானியங்கி லேண்டிங்குக்கு அனுமதிக்கப்படும் வேகம், விமானி கையால் இறக்குவதற்கு அனுமதிக்கப்படும் வேகத்தைவிடப் பொதுவாகக் குறைவு. பனியில் கண்ணுக்குத் தெரியாததைக் கருவி பார்த்துவிடும். ஆனால் விநாடிக்கு விநாடி மாறும் காற்றில் கைதான் சமாளிக்க வேண்டும்.

உலகம் முழுக்க இன்றும் பெரும்பாலான விமானங்களை விமானிகள் கையால்தான் தரையிறக்குகிறார்கள். நடுவானில் பல மணி நேரம் ஆட்டோ பைலட் ஓட்டுவதால்தான், இந்தக் கடைசி 45 விநாடிக்கு அவர்கள் களைப்பில்லாமல் வர முடிகிறது. லாரன்ஸ் கண்டுபிடித்தது விமானியின் கைக்கு ஓய்வு கொடுத்தது. கையின் தேவையை எடுத்துவிடவில்லை.

இன்று மாலை பொழிச்சலூர் மாடியிலிருந்து நீங்கள் பார்க்கும் விமானம் 200 அடி உயரத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதற்கு முன்பே, அனகாபுத்தூரைத் தாண்டும் முன்போ பின்போ, காக்பிட்டில் அந்த ஒலி ஒருமுறை கேட்டு அடங்கியிருக்கும். இப்போது அந்த விமானத்தைப் பிடித்திருப்பது அநேகமாக ஒரு மனிதக் கை.